ஆறு காம்பராவுக்கு ஒரு குழாய்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அத நானே முன்னாடியே சொல்லிடுறேன், பொறகு யாராவது வந்து உங்ககிட்ட போட்டுக் குடுக்கத் தேவையில்ல. மலையில கொழுந்து எடுக்கையில கங்காணிகிட்ட வாய் குடுத்துட்டு, அரை நாள் சம்பளத்தோட வீட்டுக்கு வந்தவ நான். அந்த வாய வச்சித்தான் எங்க லயத்துக்கு சாணி கேஸ் கொண்டு வந்தேன். அதே வாய, தொறக்க வேண்டிய நேரத்துல தொறக்காம இறுக்கி மூடிக்கிட்டதும் நான்தான்.

றொசல்ல ஸ்டேஷன்ல எறங்கி தேயிலைக்குள்ள முக்கால் மணித்தியாலம் ஏறினா எங்க லயம். ஒரே வரிசையில ஒட்டி ஒட்டி ஆறு காம்பரா, குடும்பத்துக்கு ஒண்ணு. கடைசில இருக்கிற தொங்கல் காம்பரா எங்களது. பழைய லயத்துல நடுச்செவரு கூரை வரைக்கும் போகாது. ஆள் உசரத்துக்கு மேல கொஞ்சம் ஏறி அப்புடியே நின்னுடும். அதுக்கு மேல தகரம் வரைக்கும் தொறந்த வெளிதான். முதல் காம்பராவுல கருவாடு பொரிச்சா ஆறாம் காம்பராவுல ரெண்டு கவளம் கூட எறங்கும். ஒரு வீட்டுல புருசன் பொஞ்சாதி சண்ட போட்டா மத்த அஞ்சு வீடும் தீர்ப்பு சொல்லும். பொகையும் அப்புடித்தான். எந்த அடுப்புல கெளம்புனாலும் தகரத்துக்குக் கீழ ஊர்ந்து எல்லா வீட்டையும் பார்த்துட்டுத்தான் வெளிய போகும்.

மகளுக்கு அப்ப ஒம்பது வயசு. எனக்கு ஒத்தப் புள்ள. பொறந்ததுல இருந்தே இழுப்பு. இடையில சில வருஷம் லயத்துல எல்லாரும் சிலிண்டர் வாங்கிட்டோம், புள்ளைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. அப்பறம் நாட்டுலயே கேஸ் இல்லாமப் போச்சுல்ல, அந்த வருஷம் ஆறு வீட்டுக்காரங்களும் வெறும் சிலிண்டர மூலையில வச்சிட்டு மிலாறு பொறுக்கப் போனோம். கவ்வாத்து வெட்டுன தேயிலைக் கொப்பத்தான் மிலாறுன்னு சொல்லுவோம். எங்க ஊரு மழைக்கு அது எங்க காயுது? ஈரத்தோட அடுப்புல வச்சா ஒரு பானை சோறு ஆகுறதுக்குள்ள மூணு பானை பொகை வரும்.

மகளுக்கு மறுபடி இழுக்க ஆரம்பிச்சிருச்சு. ஒரு நாள் ஒதடு நீலம் பூத்துப் போயி, த்ரீவீல்ல போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். டாக்டர் ஐயா புள்ள நெஞ்சுல குழாய வச்சிப் பார்த்துட்டு, "இந்தப் புள்ள பொகையில இருக்கக் கூடாது"ன்னாரு. "நாங்க பொகையில இல்லைங்க ஐயா, பொகைதான் எங்க வீட்டுல இருக்கு"ன்னேன். அவரு சிரிக்கல. "இன்னொரு தடவ இப்புடி வந்தா நான் பொறுப்பில்லம்மா. பொகை இல்லாத எடமாப் பார்த்து அனுப்புங்க"ன்னாரு.

பொகை இல்லாத எடம்னா கொழும்புக்குப் பக்கத்துல வத்தளை. அங்கதான் என் நாத்தனார் இருக்கு, பொட்டப்புள்ள இல்லாத வீடு. "இங்க விட்டுடுங்க அண்ணி, ஸ்கூலும் நான் பார்க்குறேன்"னு போன்லயே முடிவு பண்ணிருச்சு. கொழும்புல கடையில வேலை பார்க்குற வீட்டுக்காரரும் தங்கச்சி பக்கம். ரெண்டு பேரும் கெட்ட எண்ணத்துல சொல்லல, அது எனக்கும் தெரியும். ஆனா புள்ளைய அனுப்பிட்டு நான் யாருக்கு ரொட்டி தட்டுறது?

கரண்டு அடுப்பு ஒண்ணு கடன ஒடன வாங்கி வச்சிப் பார்த்தேன். ஒண்ணும் ஆகல. என் வீட்டுல பொகை இல்ல, ஆனா பக்கத்து அஞ்சாம் காம்பரா பொகை செவத்துக்கு மேல தாண்டி வந்து புள்ள தலைமாட்டுல நிக்குது. அப்பத்தான் வெளங்குச்சு, எங்க வீட்டு அடுப்ப மட்டும் மாத்திப் பிரயோசனமில்ல. மாத்துனா ஆறு அடுப்பையும் மாத்தணும்.

அந்த நேரம் பார்த்து ஒரு திட்டத்துக்காரங்க வந்தாங்க. எங்க லயத்துக்கு மேல தோட்டத்துப் பழைய மாட்டுப்பட்டி இருக்கு, சுத்துப்பட்டு லயத்து மாடெல்லாம் அங்கதான் கட்டுறது. அந்தச் சாணியக் குழியில போட்டு, வர்ற கேஸக் குழாய்ல எல்லா வீட்டுக்கும் குடுக்கலாம், ஆனா ஆறு வீடும் சம்மதிக்கணும்னாங்க. நான் விடுவேனா? மூணாம் காம்பராவுல இருந்த சங்கத் தலைவர் சரின்னாரு. மத்தவங்களையும் பேசியே மசிய வச்சிட்டேன். மாட்டேன்னு நின்னது அஞ்சாம் காம்பரா அக்கா மட்டும்தான்.

அக்கான்னா சொந்த அக்கா இல்ல. அம்பது தாண்டுன மனுசி. புருசன் செத்துப் போயி பல வருஷம், புள்ள குட்டியும் இல்ல, தனியாத்தான் இருந்தாங்க. கொழுந்துல அவங்க கைய யாராலயும் புடிக்க முடியாது. வாயும் எனக்குச் சரிசமானம்.

"மாட்டுச் சாணிக் காத்துல ஆக்குன சோத்த நான் திங்கணுமா?"ன்னு லயத்துக் கூட்டத்துல எந்திரிச்சிக் கேட்டாங்க.

"ஏன்க்கா, வாசல்ல சாணி தெளிக்கிறீங்க, சாணியில புள்ளையார் புடிக்கிறீங்க, அடுப்புக்கு மட்டும் ஆகாதா?"

"புள்ளையார நான் பிச்சித் திங்கலையே!"

கூட்டமே சிரிச்சிருச்சு. எனக்கு அழுகைதான் வந்துச்சு. அந்த வாரம் மகளுக்கு ரெண்டு நாள் விடாம இழுத்துச்சு. மூணாம் நாள் காலையில அக்கா எங்க இஸ்தோப்புல, முன்திண்ணையில வந்து நின்னு, உள்ள எட்டிக்கூடப் பார்க்காம, "எனக்கும் ஒரு குழாயப் போட்டுத் தொலை. உன் வாய்க்குப் பயந்துதான் சொல்றேன்"னுட்டுப் போனாங்க.

அந்த ரெண்டு மூணு மாசத்து ஞாயித்துக்கெழமைகள நெனச்சா இப்பவும் மனசு நெறஞ்சிடும். காலையில வேலைக்கு ஆள் எடுக்குற பெரட்டு இல்லாத ஒரே நாள், அன்னைக்கும் மம்பட்டியத் தூக்கிக்கிட்டுப் போனோம், ஒருத்தரும் மூஞ்சி சுளிக்கல. ஆம்பளைங்க குழி வெட்டினாங்க. பொம்பளைங்க நாங்க பட்டி கழுவுன தண்ணி குழிக்குப் போற கானையும், அங்கருந்து லயம் வரைக்கும் குழாய் போற வாய்க்காலையும் வெட்டினோம். சோளம் அவிச்சி, பாலில்லாத சாயத் தண்ணி ஊத்தி, ஒருத்தர ஒருத்தர் கேலி பண்ணிக்கிட்டே மண்ணு சுமந்தோம். எங்களுக்கு வேலை சொல்லிக் குடுத்தது திட்டத்துக்காரங்க அனுப்புன, நோட்டன் பிரிட்ஜ் பக்கத்து சிங்களத் தம்பி ஒருத்தரு. கேஸ் மாத்தயா, அதாவது கேஸ் ஐயான்னு கூப்புடுவோம். பாதித் தமிழ், பாதி கையால பேசுவாரு. "குழாய் பள்ளம் இருந்தா தண்ணி நிக்கும். தண்ணி நின்னா கேஸ் வராது"ன்னு எங்கள மூணு தடவ தோண்ட வச்சாரு. அஞ்சாம் காம்பராவுக்கு முன்னாடி ஒரு பாறை. அத ஒடைக்க முடியல, சுத்திப் போனா அக்காவோட ரோசாப் பாத்தி. அக்காவே அத வெட்டிக் கொத்தி, "போட்டுட்டுப் போங்க, பூவா சோறு போடுது"ன்னாங்க.

குழாய் மூட்டுக்கெல்லாம் சவுக்கார நொரையத் தடவி, குமிழியா முட்ட விடுதான்னு பார்ப்பாரு மாத்தயா. முட்ட விட்டா கேஸ் கசியுதுன்னு அர்த்தம். என் மகளுக்கு அதுதான் வேலை. குழாயோட குழாயாத் தவழ்ந்துக்கிட்டு "மாத்தயா, இங்க முட்ட!"ன்னு கத்தும். இழுப்புக்காரப் புள்ள கத்துறதக் கேட்குறதே எனக்குத் திருவிழாதான்.

மொதல் நாள் நெருப்புக்குச்சியக் கிழிச்சி வச்சதும் நீலமா ஒரு வட்டம் வந்துச்சு பாருங்க! சாணி வாடை? மருந்துக்குக்கூட இல்ல. அக்கா மொதல் ரொட்டிய மோந்து பார்த்தாங்க, மகளுக்கு ஒரு துண்டு பிச்சிக் குடுத்தாங்க, மிச்சத்தத் தின்னுட்டுப் போனாங்க.

ஒரு சிக்கல் இருந்துச்சு. எல்லாருக்கும் ஒரே பெரட்டு, அதனால எல்லாரும் ஒரே நேரத்துல அடுப்பப் பத்த வைப்பாங்க. தொங்கல் காம்பராவுக்கு வர்றப்ப கேஸ் கோயில் வெளக்கு மாதிரி மினுக்கும். சண்டைக்கு நின்னேன். கடைசில மொத மூணு காம்பரா விடியக்காலை நாலு மணிக்கு, அடுத்த மூணு நாலரைக்குன்னு முறை வச்சோம். சட்டம் வேற போட்டேன். போட்டது நான், தலைவர் இல்ல. மகளோட கொப்பியில ஒரு தாளக் கிழிச்சி, "குழிக்குள்ள சவுக்காரம், மருந்து எதுவும் போகக் கூடாது. போட்டவங்க வீட்டுக் குழாய் மூணு மாசத்துக்கு வெட்டப்படும்"னு எழுதி பட்டிக் கதவுல ஒட்டினேன். மருந்து போனா குழிக்குள்ள கேஸ உண்டாக்குற கிருமியெல்லாம் செத்துரும்னு மாத்தயா சொல்லியிருந்தாரு. அத ஊருக்கெல்லாம் விளக்கினவளும் நான்தான்.

மாசக்கணக்குல மகளுக்கு இழுப்பு வரல. தை வந்துச்சு.

தோட்டத்துல பொறந்த எங்களுக்கு ஒரு வியாதி உண்டு. பெரியவங்க யாராவது வர்றாங்கன்னா வெளக்குமாறும் பினாயிலும் தானாக் கைக்கு வந்துடும். தொரை வர்றாருன்னா கான் கழுவணும், சுண்ணாம்பு அடிக்கணும், கல்லுக்குக்கூட வெள்ளை பூசணும். எங்க அம்மா செஞ்சாங்க, அவங்க அம்மா செஞ்சாங்க, எங்க ரத்தத்துலயே ஊறிப் போச்சு. அந்த மாட்டுப் பொங்கலுக்கு திட்டத்துக்காரங்களும் தொரையும் கேஸப் பார்க்க வர்றதா சொல்லியிருந்தாங்க. பட்டி கழுவுற முறை அன்னைக்கு என்னோடது. விடிகாலையில, வேலைக்குப் போறவங்க கைப்புள்ளைங்கள விடுற புள்ளைக் காம்பராவுல இருந்து ரெண்டு போத்தல் பினாயில வாங்கிக்கிட்டுப் போயி, ஊத்தி, தேய்ச்சி, பட்டிய பளபளன்னு ஆக்கிட்டேன். வெள்ளைத் தண்ணி கான்ல ஓடுது. அந்தக் கான் எங்க போவுதுன்னு எனக்குத் தெரியாதா? வெட்டுனதே நான்தானே! கதவுல என் கையெழுத்துலயே தாள் தொங்குது. ஆனா அந்த நேரம் என் மண்டைக்குள்ள தொரை வர்றாரு, தொரை வர்றாருங்கிறதத் தவிர வேற ஒண்ணும் இல்ல.

எல்லாரும் வந்தாங்க. மாட்டுக்கு மாலை போட்டோம், போட்டோ எடுத்தாங்க. நான் பேச்சு வேற பேசினேன், வெக்கங்கெட்டவ.

நாலாம் நாள் நெருப்பு சுருங்குச்சு. ஏழாம் நாள் சுத்தமா நின்னு போச்சு. மாத்தயா வந்து குழி வாயத் தொறந்து மோந்தாரு. "இதுல யாரு மருந்து போட்டது?"ன்னாரு. அந்த நிமிசம்தான் எனக்கு அந்த வெள்ளைத் தண்ணி ஞாபகம் வந்துச்சு.

தலைவர் சுத்திப் பார்த்துட்டு அக்காகிட்ட வந்து நின்னாரு. "ஆரம்பத்துல இருந்து வேணாம்னு நின்னது நீங்கதானே?"ன்னாரு.

அக்கா முந்தானைய உதறி இடுப்புல சொருகினாங்க. "ஆமா, நான்தான் ஊத்துனேன். இப்ப என்ன, தூக்குல போடப் போறீங்களா?"

இல்ல, நான்தான்னு சொல்லணும். நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. சொன்னா என் குழாய வெட்டுவாங்க. வெட்டுனா நான் வெறகு வைக்கணும். வெறகு வச்சா மக வத்தளையில. கரண்டு அடுப்பும் அதுக்குள்ள கருகிப் போயி மூலையில கெடந்துச்சு. ஒருவேளை அக்காவும் எதையாவது ஊத்தியிருப்பாங்களோன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். பொய்யி. நல்லாத் தெரிஞ்சே சொல்லிக்கிட்ட பொய்யி. வாய மூடிக்கிட்டு நின்னேன்.

மாத்தயா வேற ஊர்ல நல்லா ஓடுற குழியில இருந்து ட்ராக்டர்ல சாணிக் கரைசல் கொண்டாந்து ஊத்தினாரு. மூணு வாரம் ஆகும்னாரு. அந்த மூணு வாரமும் எல்லா வீட்டுலயும் வெறகுதான். அதனால மகள வத்தளைக்கு அனுப்ப வேண்டியதாப் போச்சு. போன்ல பேசுறப்பல்லாம் "அத்த வீட்டுல ஃபேன் இருக்கும்மா"ன்னு சொல்லும். நாத்தனார் ஸ்கூல்லயும் பேசி வச்சிருச்சு. வீட்டுக்காரரு கடைசியா ஒரு கணக்குச் சொன்னாரு. "கேஸ் வந்தா கூட்டிட்டு வா. ஆனா ஒரு வாட்டி இழுத்தாலும் அப்பறம் வத்தளைதான். அழுதாலும் கேக்க மாட்டேன்."

கேஸ் வந்துச்சு. அஞ்சு வீட்டுக்கு. அக்கா வீட்டுக் குழாய தலைவர் கழட்டி, மூடியப் போட்டு இறுக்கிட்டாரு. நான் மகளக் கூட்டிக்கிட்டு வந்தேன். ரயில்ல வர்ற வழியெல்லாம் ஒரே யோசனை, அக்கா இனி வெறகு வைப்பாங்க, பொகை செவத்தத் தாண்டும்.

மறுநாள் விடியறதுக்கு முன்னாடியே முழிச்சிக்கிட்டு செவத்து மேலயே கண்ண வச்சிருந்தேன். பொகை வரல. அடுத்த நாளும் வரல. மூணாம் நாள் நல்ல மழை. சட்டி கழுவுன தண்ணிய ஊத்தப் பின்பக்கம் போனவ அப்புடியே நின்னுட்டேன். லயத்தத் தாண்டி, கானுக்கு அந்தப் பக்கம், நாலு கம்பு நட்டு ரெண்டு பழைய தகரம். அதுக்குக் கீழ மூணு கல்லு. அக்கா தலையில சாக்கப் போட்டுக்கிட்டு, குத்த வச்சி உக்காந்து, ஈர மிலாற ஊதிக்கிட்டு இருக்காங்க. கண்ணு ரெண்டும் செக்கச் செவேர்னு இருக்கு.

"ஏன்க்கா இங்க?"

"உள்ள வச்சா உம் மகளுக்கு இழுக்கும்ல. கேள்வியப் பாரு."

சேத்துலயே உக்காந்துட்டேன். "அக்கா, பினாயில் ஊத்துனது நான்."

"தெரியும்டி. ரெண்டு போத்தல கக்கத்துல இடுக்கிக்கிட்டு நீ போறப்ப இஸ்தோப்புல பல்லு வெளக்கிக்கிட்டு நின்னது யாரு? நான்தானே. மாட்டுப் பொங்கலுக்கு வாசம் அடிக்கட்டும்னு நானும் விட்டுட்டேன். உனக்கு உள்ள அதே புத்திதானே எனக்கும்."

"அப்பறம் ஏன்க்கா நீங்க..."

அவங்க ஊதுறத நிறுத்தல. "உன் குழாய வெட்டுனா நீ புள்ளைய அனுப்பணும். என் குழாய வெட்டுனா அனுப்புறதுக்கு எங்கிட்ட யாரு இருக்கா?"

நான் அழுத அழுகைக்கு அந்த மழை பத்தாது. அக்கா ஒண்ணும் என்னத் தட்டிக் குடுக்கல. "வேலைக்கு நேரமாகுது, எந்திரி. உன் சேலையப் பாரு, நாசமாப் போச்சு"ன்னு ஏசத்தான் செஞ்சாங்க.

அந்த வார ஞாயித்துக்கெழம எல்லாரையும் பட்டிக்குக் கூப்புட்டேன். நடந்தத நடந்தபடி சொன்னேன். மகளையும் பக்கத்துல நிக்க வச்சிக்கிட்டுத்தான் சொன்னேன். யாரும் ஏசல. அதுதான் தாங்க முடியல. தலைவர் தொண்டையச் செருமிக்கிட்டு, "சரி விடு, போனது போச்சு. அக்கா குழாய மாட்டிடுவோம்"னு ஸ்பேனரக் கையில எடுத்தாரு.

"அக்காவுக்கு வெட்டுறப்ப போனது போச்சுன்னு சொன்னீங்களா?"ன்னு கேட்டேன். ஸ்பேனர அவரு கையில இருந்து வாங்கி, மொத அக்கா வீட்டுக் குழாய மாட்டினேன். அப்பறம் என் வீட்டுக் குழாய நானே கழட்டினேன். மூடியப் போட்டு இறுக்கினேன். மக சவுக்கார நொரையக் கொண்டாந்து தடவி, முட்ட விடுதான்னு பார்த்துச்சு.

அன்னைக்குச் சாயந்தரம் மகளோட உடுப்ப எடுத்து பேக்குல அடுக்கிக்கிட்டு இருந்தேன். வத்தளைக்குப் போன் போடணும், எப்புடிச் சொல்றதுன்னு தெரியல. அக்கா கதவத் தட்டாம உள்ள வந்தாங்க. பேக்கப் பார்த்தாங்க, என்னப் பார்த்தாங்க.

"எங்க கெளம்புறீங்க? மாவச் சட்டியோட தூக்கிக்கிட்டு வா. ரெண்டு வீட்டுக்கு ஒரு அடுப்பு பத்தாதா?"

மூணு மாசம் அக்கா வீட்டுலதான் எங்க சமையல். நாலரைக்கு நான் ரொட்டி தட்டுவேன், அக்கா தேங்காச் சம்பல் இடிப்பாங்க. அவங்க சம்பல்ல உப்பு இல்ல, என் ரொட்டி கல்லுன்னு தெனம் ஒரு சண்டை. மக அடுப்புக்குப் பக்கத்துல குந்திக்கிட்டு வீட்டுப்பாடம் செய்யும். எப்ப இருந்துன்னு தெரியல, அக்காவ "பெரியம்மா"ன்னு கூப்புட ஆரம்பிச்சிருந்துச்சு. மொத தடவ கேட்டப்ப அக்கா அடுப்பப் பார்த்துக்கிட்டே "என்ன"ன்னாங்க.

வீட்டுக்காரரு மாசக் கடைசில வந்து நாலு செவரையும் மோப்பம் புடிச்சாரு. ராத்திரி புள்ள நெஞ்சுல காத வச்சிக் கேட்டாரு. காலையில தங்கச்சிக்குப் போன் போட்டு, "ஸ்கூல்ல வேணாம்னு சொல்லிரு"ன்னாரு. எனக்கு வேற என்ன வேணும்?

இப்ப எங்களுக்கு தனித்தனி வீடு குடுத்துட்டாங்க. மக என் ஒசரத்துக்கு வளந்துருச்சு. என் குசினில சிலிண்டர் இருக்கு, திருகினா எரியுது, யாரு முறைன்னு கேட்கத் தேவையில்ல. வசதிதான், இல்லங்கல. ஆனா அந்த மூணு மாசம் சாப்புட்ட மாதிரி நான் அதுக்கு முன்னாடியும் சாப்புடல, பின்னாடியும் சாப்புடல.

மூணு மாசக் கெடு முடிஞ்ச ஞாயித்துக்கெழம, தலைவர் என் குழாய மாட்டித் தர ஸ்பேனரோட வந்தாரு. மகதான் இஸ்தோப்புல நின்னுச்சு. "அம்மாவும் பெரியம்மாவும் அட்டன் டவுனுக்குப் போயிட்டாங்க மாமா, வர நேரமாகும், அடுத்த வாரம் வாங்க"ன்னு கண்ணச் சிமிட்டாமச் சொல்லிருச்சு. நாங்க எங்க போனோம்? கதவுக்குப் பின்னாடி, அக்கா குசினிக்குள்ளதான், கையெல்லாம் மாவோட, ஒருத்தர் வாய ஒருத்தர் பொத்திக்கிட்டு உக்காந்திருந்தோம்.